பறித்ததும் மருந்தாவதில்லை: சீன மருந்துக்கடையின் உலர்ந்த சரக்கு

சீனாவின் வடமேற்கில், மஞ்சள் நதி வளைந்து ஓடும் நிங்சியா பகுதியில், ஜோங்னிங் என்றொரு மாவட்டம் இருக்கிறது. மழை அரிது. ஆற்றுப் பாசனம் எட்டிய இடம் மட்டும் பச்சை. அதைத் தாண்டினால் மணலும் மொட்டை மலையும். ஜூன் மாதத்தில் அங்கே கோஜிப் பழம் பறிக்கத் தொடங்குகிறார்கள். செடி ஆள் உயரம், கிளைகளில் முள், பழமோ விரல்நுனி அளவுதான். ஒரே கிளையில் பூவும் காயும் பழமும் கலந்திருக்கும் என்பதால் மொத்தமாக அறுத்தெடுக்க முடியாது. சில நாள்களுக்கு ஒரு முறை அதே செடிக்கு வந்து, சிவந்ததை மட்டும் கையால் கொய்ய வேண்டும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் தோல் கன்றும். கன்றிய இடம் காயும்போது கறுத்துவிடும்.

கொய்வதோடு பாதி வேலைதான் முடிகிறது. கோஜியின் தோல்மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. பழத்துக்குள் இருக்கும் நீரை அது வெளியே விடாது. அப்படியே வெயிலில் பரப்பினால் உலர்வதற்கு முன் புளித்துவிடும். அதனால் பழத்தைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கி எடுத்து, மெழுகைக் கொஞ்சம் இளக்கிய பிறகு தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்புகிறார்கள். ஈரம் இருக்கும்வரை கையால் புரட்டக் கூடாது, புரட்டினால் கறுக்கும். பழைய முறையில் முதலில் நிழலில் வைத்துத் தோல் சுருங்கவிட்டு, பிறகுதான் வெயிலுக்குக் கொண்டுபோவார்கள். இப்போது பெருமளவு சூடான காற்று அறைகளில் நடக்கிறது. தோல் காய்ந்தும் சதை மென்மையாகவும் இருப்பதே பதம். சீன அரசின் மருந்து நூல் இந்தப் பதத்தை எண்ணாகவும் சொல்கிறது: ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடிதான் நினைவுக்கு வந்தது. மணத்தக்காளி வற்றல் போடும் நாளில் பாட்டி பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார். கோஜியும் மணத்தக்காளியும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரவியல் கணக்கில் பங்காளிகள். உலர்த்தத் தெரியாத கையில் இரண்டும் வீணாகும்.

சீன மருத்துவத்தின் மூலிகைகளைப் பற்றி இன்று தமிழில் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி, ‘இந்தப் பழத்தில் இந்தச் சத்து’ என்ற பட்டியலாகவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். சீன மருந்துக்கடையின் இழுப்பறையில் இருக்கும் எந்தச் சரக்கும் வெறும் செடி ஆகாது. பறித்த பிறகு மனிதக் கை அதற்குச் செய்தவை எல்லாம் சேர்ந்தே அது மருந்தாகிறது. அதன் பலனும் அதன் ஆபத்தும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகின்றன.

சீன மொழியே இதைப் பிரித்துச் சொல்கிறது. வயலிலிருந்து வந்து உலர்ந்த மூலப்பொருளுக்கு ஒரு பெயர். அதை நறுக்கி, வறுத்து, வேகவைத்து, குடிநீருக்குத் (கஷாயத்துக்குத்) தயாராக்கிய துண்டுக்கு ‘இன்பியென்’ என்று வேறு பெயர். இரண்டுக்கும் நடுவே நடக்கும் பக்குவத்துக்கு ‘பாவ்ஜி’ என்று பெயர். நம் சித்த மருத்துவத்தில் ‘சுத்தி’ என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அதைவிடப் பரப்பு அதிகம். நஞ்சை நீக்குவது அதில் ஒரு பகுதி மட்டுமே. சரக்கின் குணத்தை வேண்டிய திசையில் திருப்புவதும் பாவ்ஜிதான். தேனில் வறுத்தால் இதம் கூடும், காடியில் (வினிகரில்) வறுத்தால் கல்லீரல் பக்கம் செல்லும், உப்புநீரில் வறுத்தால் சிறுநீரகத்துக்கு இறங்கும், அரிசி மதுவில் ஊறினால் மேல்நோக்கி ஏறும் என்பது அவர்கள் கோட்பாடு. கோட்பாட்டை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் சூடும் ஈரமும் புளிப்பும் ஒரு வேருக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை மாற்றுகின்றன என்பது ஆய்வகத்தில் அளந்து பார்த்த செய்தி.

இஞ்சியை எடுத்துக்கொள்வோம். தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈரமாக இருந்தால் இஞ்சி, காய்ந்தால் சுக்கு. ஒரே கிழங்குக்கு இரண்டு பெயர் வைத்து, இரண்டையும் வேறு மருந்தாகவே நடத்துகிறோம். சீனர்களும் அப்படியே. பச்சை இஞ்சி மேல்தோலைத் திறந்து வியர்வை வரவழைக்கும், குமட்டலை நிறுத்தும். உலர்ந்த இஞ்சி வயிற்றின் உள்ளே சூட்டைக் கூட்டும். அதையும் சூடான மணலில் வறுத்துப் பொரித்தால் இரத்தப்போக்கை நிறுத்தும் மூன்றாவது மருந்து. பச்சை இஞ்சியில் மிகுதியாக இருக்கும் ஜிஞ்சரால் என்னும் காரப்பொருள், உலரும்போதும் சூடேறும்போதும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் என்ற வேறு பொருளாகிறது. அதன் காரம் இன்னும் கடுமை. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று நாம் சுக்கின் தோலைச் சீவி எறிகிறோம். சீனர்கள் இஞ்சித் தோலைத் தனிச் சரக்காக எடுத்து, உடல் வீக்கத்துக்கான குடிநீரில் சேர்க்கிறார்கள். கடுக்காயில் மட்டும் இருவரும் ஒன்று: அங்கேயும் கொட்டையை நீக்கிச் சதையைத்தான் எடுக்கிறார்கள். அந்தக் கடுக்காய் இந்தியாவிலிருந்து சென்றது. ‘ஹரீதகி’ என்ற வடமொழிப் பெயரே ‘ஹெலிலெ’ என்று சீன நூல்களில் உருமாறி உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பக்குவத்தின் உச்சம் என்று நான் கருதுவது தீஹுவாங் என்னும் வேர். பெயரின் பொருள் ‘மண்ணின் மஞ்சள்’. ஹெனான் மாநிலத்தில் ஜியாவ்சுவோ நகரைச் சுற்றியுள்ள வயல்களில் விளைவதுதான் முதல்தரம் என்று பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. தோண்டியெடுத்த புதிய கிழங்கு ஒரு மருந்து. காய்ச்சலின் கொதிப்பைத் தணிக்க. அதையே மெல்லிய சூட்டில் பல நாள் வாட்டி உலர்த்தினால் இரண்டாவது மருந்து. குளிர்ச்சி குறையாமல் இரத்தச் சூட்டை ஆற்றும் என்கிறார்கள். அந்த உலர்ந்த கிழங்கை அரிசி மதுவோடு ஆவியில் வைத்து, எடுத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஆவியில் வைத்து, மறுபடி காயவைத்து, பழைய மரபின்படி ஒன்பது ஆவி, ஒன்பது வெயில் காட்டினால் மூன்றாவது மருந்து பிறக்கிறது. மஞ்சள் என்று பெயர் கொண்ட வேர் அப்போது உள்ளும் புறமும் மை போலக் கறுத்து, பளபளத்து, வெல்லப்பாகு போல் கையில் ஒட்டும். சுவை கசப்பிலிருந்து இனிப்புக்கு நகர்ந்திருக்கும். குளிர்ச்சி என்று வகைப்படுத்திய சரக்கு இப்போது சற்றே சூடு. தணிப்பது போய், இரத்தத்தை ஊட்டுவது அதன் வேலை. வேதியியலும் இந்த மாற்றத்துக்குச் சாட்சி சொல்கிறது. பச்சை வேரில் நிறைந்திருக்கும் கேட்டல்பால் என்ற பொருள் ஆவியில் பெருமளவு அழிகிறது. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் உடைந்து இனிப்பான சிறு சர்க்கரைகள் ஆகின்றன. இன்றைய மருந்து நூல் ஒன்பது முறை என்று எண்ணிக்கை கேட்பதில்லை. கறுத்து மினுமினுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ‘ஒன்பது ஆவி, ஒன்பது வெயில்’ என்று சீட்டு ஒட்டிய சரக்குக்குக் கடையில் தனி மதிப்பு இருக்கிறது.

பெய்ஜிங்கில் 1669-இல் தொடங்கிய தோங்ரென்தாங் மருந்துக்கடையின் பழைய வாசகம் ஒன்று உண்டு: செய்முறை எவ்வளவு சிக்கலானாலும் உழைப்பில் குறைவைக்கத் துணியோம், சரக்கு எவ்வளவு விலை ஏறினாலும் அளவில் குறைவைக்கத் துணியோம். ஒன்பது முறை வேகவைக்கும் வேரைப் பார்த்த பிறகுதான் அந்த முதல் வரி எதற்கு என்று புரிகிறது. ஐந்து முறையோடு நிறுத்தினால் வாங்குபவருக்குத் தெரியாது.

பழங்களுக்கு வருவோம். கோஜிக்கு இன்று உலகச் சந்தை இருக்கிறது. ‘சூப்பர் ஃபுட்’ என்ற சீட்டோடு சென்னையிலும் கிடைக்கிறது. சீன மருத்துவர் அதைக் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும், அவற்றின் வழியாகக் கண்ணுக்கும் கொடுக்கிறார். ஒரு நாளுக்கு 6 முதல் 12 கிராம். ஒரு சிறு கைப்பிடி. அதன் சிவப்புக்குக் காரணமான ஜியாசாந்தின், நம் கண்ணின் விழித்திரை மையத்தில் சேரும் நிறமிகளில் ஒன்று என்பது உண்மை. ஆகவே ‘கண்ணுக்கு நல்லது’ என்ற பழைய பேச்சை முற்றிலும் தள்ளிவிட முடியாது. அதற்காக, ஒரு கைப்பிடிப் பழம் கண் நோயைக் குணமாக்கிவிடும் என்று விளம்பரம் செய்வதும் நேர்மையாகாது. சீன வீடுகளில் அது சாமந்திப் பூவோடு சேர்ந்த தேநீர், கோழிச் சாற்றில் மிதக்கும் பழம், நடுவயதினரின் வெந்நீர்க் குடுவையில் தினசரி விழும் ஒரு சிட்டிகை. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே அங்கே சுவர் இல்லை. நம் வீட்டு மிளகு ரசத்தை மருந்து என்பதா, உணவு என்பதா?

எனக்கு மிகவும் பிடித்தது ஊவெய்ட்சு. பெயரின் பொருள் ‘ஐஞ்சுவைக் கனி’. சீனாவின் வடகிழக்கில் லியாவ்னிங், ஜிலின், ஹெய்லோங்ஜியாங் காடுகளில் படரும் கொடி. கொத்துக் கொத்தாகச் சிவந்த பழம். உலர்ந்தால் சுருங்கி, கருஞ்சிவப்பாகி, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். கி.பி. 659-இல் தாங் அரசவை தொகுத்த மருந்து நூல் பெயருக்கு விளக்கம் சொல்கிறது: தோலும் சதையும் இனிப்பு, புளிப்பு, கொட்டைக்குள் காரம், கசப்பு, எல்லாவற்றிலும் உப்பு. நமக்கு அறுசுவை, அவர்களுக்கு ஐந்து. துவர்ப்பைப் புளிப்போடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். புளிப்பு எதையும் உள்ளே இழுத்துப் பிடிக்கும் என்பதால், நீண்டநாள் இருமலுக்கும், இரவு வியர்வைக்கும், உறக்கம் கலைவதற்கும் இந்தக் கனி போகிறது. காடியோடு கலந்து ஆவியில் வேகவைத்தால் அந்தப் பிடிப்பு வலுக்குமாம். இதே இனத்தின் தென்சீனக் கனிக்கு இன்னொரு முகம் இருக்கிறது. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தை உடல் உடைப்பதை அது தடுக்கிறது. இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறுகிறது. சீன மருத்துவமனைகளில் இதைத் தெரிந்தே பயன்படுத்தி, விலை கூடிய டாக்ரோலிமஸின் அளவைக் குறைக்கிறார்கள். தெரியாமல் ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அதே செயல் அவருக்கு நஞ்சாகும். ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உடலில் எதையும் செய்யாத பொருளுக்குத்தான் பக்கவிளைவு இராது.

சிவப்புப் பேரீச்சை என்று நம் ஊர்க் கடைகளில் தவறாகப் பெயரிட்டு விற்கப்படுவது உண்மையில் சீன இலந்தை. நம் இலந்தையின் மிக நெருங்கிய இனம். சீன மருந்துச் சீட்டுகளில் இது பெரும்பாலும் துணைக்கு வரும் சரக்கு. கடுமையான மருந்துகளுக்கு நடுவே சென்று அமர்ந்து, வயிற்றைக் காத்து, எல்லோரையும் சமாதானப்படுத்தும். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த லவங்கப்பட்டைக் குச்சிக் குடிநீரில் ஐந்தே சரக்கு: லவங்கப்பட்டை மரத்தின் குச்சி, வெண்பியோனி வேர், வறுத்த அதிமதுரம், பச்சை இஞ்சி, பிளந்த இலந்தை பன்னிரண்டு. ஏழு படி (அக்காலச் சீன அளவு) நீரை மெல்லிய தீயில் மூன்று படியாகச் சுண்டக் காய்ச்சி, ஒரு படி குடித்து, சற்று நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி ஒரு படிக்கு மேல் குடித்து, போர்த்திப் படுக்க வேண்டும். மேலெல்லாம் லேசாக ஈரம் பூத்தால் போதும், வியர்வை ஆறாக ஓடக் கூடாது என்கிறார். ஏறத்தாழ 1,800 ஆண்டுக்கு முந்திய இந்தக் குறிப்பில் கஞ்சியையும் போர்வையையும் மருந்தின் பகுதியாக எழுதியிருக்கும் அக்கறை என்னை நெகிழ வைக்கிறது. ஜப்பானிலும் சீனாவிலும் இந்தக் குடிநீர் இன்றும் நடப்பில் இருக்கிறது.

ஹாதார்ன் என்னும் செம்புளிப்புக் கனியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடசீனாவில் குளிர்காலத் தெருக்களில் குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் முக்கி விற்கும் அதே பழம், உலர்த்தி வறுத்தால் மாமிசச் செரிமானத்துக்கான மருந்து. விளிம்பு கருகும்வரை வறுத்தால் வயிற்றுப்போக்குக்கு. கருகிய ஹாதார்ன், கருகிய முளைத்த வாற்கோதுமை, கருகிய நொதிமாவு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் குழந்தைக்கு வயிறு மந்தமானால் சீனப் பாட்டிமார் தேடுவது.

பாவ்ஜி உயிர்காக்கும் இடத்துக்கு இப்போது போக வேண்டும். சிச்சுவான் மாநிலத்தின் ஜியாங்யூ பகுதியில் விளையும் ஃபூட்சு, நம் வச்சநாபியின் இனம். பச்சைக் கிழங்கில் இருக்கும் அகோனிட்டின் சில மில்லிகிராம் உள்ளே போனாலே இதயத் துடிப்பைக் குலைத்து ஆளைக் கொன்றுவிடும். ஆனால் உடல் சில்லிட்டு நாடி தளர்ந்துபோன நிலைக்குச் சீன மருத்துவர் முதலில் நினைப்பதும் அதையே. கிழங்கை உப்புக் காய்ச்சிய பின் மிஞ்சும் கசப்புநீரில் பல நாள் ஊறவைத்து, அந்த நீரிலேயே கொதிக்கவிட்டு, தோல் உரித்து, நறுக்கி, திரும்பத் திரும்ப நீர் மாற்றி அலசி, ஆவியில் வேகவைத்து உலர்த்துகிறார்கள். நீரும் சூடும் சேர்ந்து அகோனிட்டினை உடைக்கின்றன. மிஞ்சும் பொருள்களின் நஞ்சு பல மடங்கு குறைவு. அப்படியும் குடிநீர் வைக்கும்போது இதை மட்டும் முன்கூட்டியே தனியாக நெடுநேரம் கொதிக்கவிட்ட பிறகுதான் மற்றச் சரக்கைச் சேர்க்க வேண்டும். நம் மருத்துவர்கள் நாபியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்வதும் இதே பயத்தில் பிறந்த அறிவு. இரண்டு நாடுகளிலும் யாரோ இறந்துதான் இதைக் கற்றிருக்க வேண்டும்.

பக்குவம் சரியாக இருந்து, சரக்கே மாறிப்போனால்? 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கும் ஒரு மருத்துவ நிலையத்தில் சீன மூலிகைப் பொடிகளைக் குளிகைகளில் அடைத்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று ஃபாங்ஜி. 1992-இல், நலமாக இருந்த இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு அந்நாட்டு மருத்துவர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கு மேல். பலருக்கு டயாலிசிஸ், சிறுநீரக மாற்று. சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் என்ன? ஃபாங்ஜி என்ற பெயரில் சந்தையில் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று ஸ்டெஃபானியா இனம். மற்றொன்று ‘குவாங் ஃபாங்ஜி’, அரிஸ்டோலோக்கியா இனம். பெயரில் ஒரு முன்னொட்டு விடுபட்டதில் வேர் மாறிப்போயிருந்தது. அரிஸ்டோலோக்கியாவில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, புற்றுநோயைத் தூண்டுவது. உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-இல் இந்த இனச் செடிகள் கலந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது.

மாறாட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லி மரபைக் காப்பாற்றிவிட முடியாது. அரிஸ்டோலோக்கியா செடிகள் சில சீன மரபிலேயே நெடுநாள் இருந்தவை. மூன்று நாள் காய்ச்சலுக்குக் குடிநீராகக் கொடுத்தபோது தெரியாத தீங்கு, பல மாதம் கழித்து, பல ஆண்டு கழித்து வருகிறது. கை நாடியைப் பிடித்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அனுபவ அறிவு எவ்வளவு பழையதாக இருந்தாலும் இத்தகைய நஞ்சை அதனால் பார்க்க முடியாது. சீனா 2003-இல் குவான் முதோங் என்ற இன்னொரு அரிஸ்டோலோக்கியா சரக்கின் அங்கீகாரத்தை நீக்கியது. தைவானும் அதே ஆண்டு இந்த அமிலம் கொண்ட சரக்குகளைத் தடைசெய்தது. நாம் இதைத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. நம் மூலிகை நூல்களில் வரும் ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்து என்றும் ஈஸ்வரமூலி என்றும் சொல்லப்படும் கொடியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான்.

இத்தனை நேரம் உலர்த்துவதையும் வேகவைப்பதையும் பற்றிச் சொன்னேன். சூடே எதிரியாகிப் போன ஒரு கதையையும் சொல்ல வேண்டும். 1967 மே 23 அன்று சீனா மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. தேதியே திட்டத்தின் பெயரானது. பெய்ஜிங்கின் சீன மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த டூ யூயூ பழைய சுவடிகளைப் புரட்டி, சிங்ஹாவ் என்ற செடியைப் பல முறை சோதித்தார். பலன் நிலையாக நிற்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசரச் சிகிச்சைக் கையேட்டில் ஒரு வரி இருந்தது: ஒரு கைப்பிடி சிங்ஹாவை இரண்டு படி நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றை முழுவதும் குடி. கொதிக்கவை என்ற சொல் அங்கே இல்லை. குடிநீர் என்றாலே கொதிப்பது என்றிருக்கும் மரபில் இது விலக்கு. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்ட டூ யூயூ, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் இலையைப் பிரித்தெடுத்தார். 1971 அக்டோபர் 4 அன்று 191-ஆம் மாதிரி எலிகளின் மலேரியாக் கிருமியை முழுவதுமாக அழித்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன், அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். ஆர்ட்டெமிசினின் என்ற அந்த மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015-இல் நோபெல் பரிசும் வந்தது.

இந்தக் கதையைச் சீன மருத்துவத்தின் வெற்றி என்று ஒரு சாராரும், நவீன வேதியியலின் வெற்றி என்று மறுசாராரும் இழுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படவில்லை. பழைய நூல் வழி காட்டியது. எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்த வெப்பம், எவ்வளவு அளவு என்று ஒவ்வொன்றையும் ஐயப்பட்டுச் சோதித்ததால்தான் அந்த வழி மருந்தில் போய் முடிந்தது. இதே செடியின் உலர்ந்த இலையைத் தேநீராக்கிக் குடித்து மலேரியாவைத் தடுக்கலாம் என்ற பிரசாரத்தை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திட்டவட்டமாக மறுத்தது. இலையில் மருந்தின் அளவு செடிக்குச் செடி மாறும். குறைந்த அளவு உள்ளே போனால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

சரி, இன்று ஒருவர் இந்த உலர்ந்த பழங்களை வாங்க நினைத்தால்? நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பேன். உலரும்போது கறுக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்கக் கந்தகப் புகை காட்டும் பழக்கம் சீனாவில் பழையது. அளவு மீறும்போது தீங்கு. பொதுவாக ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம் கந்தக டையாக்சைடுக்கு மேல் மிஞ்சக் கூடாது என்று அந்நாட்டு மருந்து நூல் வரம்பு வைத்திருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மிச்சம் மூச்சுத்திணறலைத் தூண்டலாம். எல்லாப் பழமும் ஒரே மாதிரி பளீரென்று சிவந்திருந்தால், முகர்ந்து பார்த்தால் மூக்கில் புளிப்பாக ஏறினால், வைத்துவிடுங்கள். நல்ல கோஜியின் சிவப்பு சற்று மங்கல். காம்பு இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடும் இதய நோயாளிகள் கோஜியைத் தொட வேண்டாம். கோஜித் தேநீர் குடித்தவருக்கு இரத்தம் உறையும் நேரம் ஆபத்தாக நீண்டதை 2001-இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். பிறகும் அத்தகைய குறிப்புகள் வந்திருக்கின்றன. அதிமதுரம் நாட்பட அதிகமாகப் போனால் உடலின் பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். சீன மருந்துச் சீட்டுகளில் மிக அதிகமாக இடம்பெறும் சரக்குகளில் ஒன்று அதிமதுரம் என்பதால் இதை மறக்கக் கூடாது. அந்தத் தேவையே நிலத்தையும் அழித்தது: வடமேற்கின் வறண்ட புல்வெளிகளில் காட்டு அதிமதுரத்தையும் எஃபெட்ரா என்னும் மூலிகைச் செடியையும் வேரோடு தோண்டித் தோண்டி மணல் பரவியதால், 2000-இல் சீன அரசு அதைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தக் கடைகள் புதியவை அல்ல. பேராக்கின் கோப்பெங்கில் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1879-இல் தொடங்கிய யூ யான் சாங் இன்றும் பெரிய பெயர். சிங்கப்பூரின் தோங் சாய் நிலையம் 1867 முதல் இன, மத வேறுபாடின்றி இலவசமாக மருந்து கொடுத்துவருகிறது. சுவர் முழுவதும் சிறு இழுப்பறைகள். கையில் பிடிக்கும் சிறு நிறைகோல். காகிதத்தின் மேல் ஒவ்வொரு சரக்காகக் குவியும். சீட்டில் எழுதியிருப்பதையும் காகிதத்தில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் மண்சட்டிதான். இரும்பு ஆகாது, துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு வினைபுரியும். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். உலர்ந்த சரக்கு நீரை முதலில் குடிக்கட்டும், பிறகே தன்னிடம் உள்ளதை விடும். ஃபூட்சு போன்றவை முன்னால்; புதினா போன்ற மணச் சரக்கு இறக்குவதற்குச் சற்று முன்; சிறு விதைகள் துணியில் முடிந்து. ஒரு முறை வடித்துவிட்டு அதே சரக்கில் மறுபடி நீர் ஊற்றிக் காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து, பிரித்துக் குடிப்பார்கள்.

மிஞ்சும் சக்கையைச் சீனக் கிராமங்களில் தெருவில் கொட்டும் வழக்கம் இருந்தது. போகிறவர்கள் மிதித்தால் நோய் அவர்களோடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. நம் முச்சந்திக் கழிப்பு போல. அந்த வழக்கத்துக்கு இன்னொரு காரணமும் கதையாகச் சொல்வார்கள். தெரு வழியே போகும் மருத்துவர் ஒருவர் நின்று, குனிந்து, சக்கையைக் கிளறிப் பார்ப்பாராம். வேர் மாறியிருந்தால், பக்குவம் குறைந்திருந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாராம். பிரஸ்ஸல்ஸில் கொடுத்த பொடி குளிகைக்குள் இருந்தது. கிளறிப் பார்க்க அங்கே சக்கை இல்லை.